ஏலம் கேட்டவர் பணம் தராவிடில்...
(இணையவழி ஏலத்தில் விற்போர் அறிய வேண்டிய பாடம்)

"ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று ஏலம் விடுபவர் கூறி முடித்ததும் பொருள் இன்னாருக்கு உரியது என்பது தீர்ந்துவிடும். ஊர்ப் பொதுவில் நிற்கும் புளியமரத்தின் காய்ப்பையும் ஏரி மீனையும் நம் ஊர்களில் இவ்வாறே ஏலம் விட்டு வந்துள்ளனர். கேட்டவர் எதிரிலேயே நிற்பார். அவர் யார் வீட்டுப் பிள்ளை, எவ்வளவு நிலம் உடையவர், சென்ற ஆண்டு சொன்னபடி பணம் கட்டினாரா என்பவற்றையெல்லாம் கூடியிருப்போர் அறிவர். சொன்ன சொல்லை மீறினால் மறுநாள் அதே தெருவில் நடக்க வேண்டியவர் அவர். ஆதலின் ஊரறிவே பிணையாக நின்றது.

இன்று நிலை மாறிவிட்டது. தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே ஒருவர் தம் பித்தளைப் பாத்திரத்தையோ, பழைய நாணயத் தொகுப்பையோ, மாவரைக்கும் இயந்திரத்தையோ கைப்பேசி வழியாக ஏலம் விட முடிகின்றது. கேட்பவர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். அவர் முகத்தை நாம் அறியோம். நம் ஊரை அவர் அறியார். ஏலத்தை வென்றபின் பணம் அனுப்பாது அவர் மறைந்துவிட்டால் என் செய்வது? பொருள் விற்கவும் இல்லை. பிறருக்கு விற்கும் வாய்ப்பும் கை நழுவியது. குடும்பத்தின் அவசரத் தேவைக்காக விற்க முனைந்தவர்க்கு இது சிறு துன்பமன்று.

இத்துன்பத்திற்குரிய மருந்து ஏலம் முடிந்தபின் தேடும் மருந்தன்று. ஏலம் தொடங்குமுன் எழுதிவைக்கும் நிபந்தனையிலேயே அது பெரிதும் அடங்கியுள்ளது. இதனை உலக வரலாற்றிலிருந்தும், தமிழகத்தில் நடந்த ஒரு வழக்கிலிருந்தும், நம் வட்டாரத்து விற்பனைக்கூட நடைமுறையிலிருந்தும் முறையாகக் காண்போம்.

1. ஏலம் எப்போது முடிவடைகிறது?

பொருள் விற்பனை பற்றிய சட்டம் நம் நாட்டில் 1930ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் 64ஆவது பிரிவு ஏல விற்பனையைப் பற்றியது. ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டியோ, வழக்கமான வேறு முறையிலோ முடிவை அறிவிக்கும்போதுதான் விற்பனை நிறைவடைகின்றது. அதுவரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள உரிமையுண்டு. முடிவு அறிவிக்கப்பட்டபின் அவ்வுரிமை இல்லை. அப்போது அவர் ஒப்பந்தத்தால் கட்டுண்டவர் ஆகிறார்.

"தாளில் கையெழுத்து இல்லையே, கைப்பேசியில் எழுதியது ஒப்பந்தமாகுமா?" என்னும் ஐயம் எழலாம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 10அ பிரிவு, மின்னணு வழியில் உருவானது என்னும் ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று கூறுகின்றது. ஆகவே இணையத்தில் கேட்டதும் கேட்டதே. எனினும் இணையத்தில் சுத்தியல் ஒலி இல்லை. எனவே, "இன்ன நாள், இன்ன மணிக்கு ஏலம் முடியும், அந்நேரத்தில் உயர்ந்த தொகை கேட்டவருக்கே பொருள்" என்பதை முதலிலேயே எழுதிவிடுதல் வேண்டும்.

2. பணம் தராதவர் எத்தகையோர்?

பணம் தராத எல்லாரையும் ஏமாற்றுவோர் என ஒரே தட்டில் வைத்தல் தவறு. அவர்களுள் பல வகையினர் உளர்.

முதல் வகையினர் ஏல வேகத்தில் தம் வரம்பை மீறிக் கேட்டுவிட்டுப் பின்னர் வருந்துவோர். இரண்டாம் வகையினர் உண்மையாகவே வாங்க எண்ணியும், எதிர்பார்த்த கடனோ வரவோ கிட்டாமையால் இயலாது போனோர். மூன்றாம் வகையினர் அதே பொருள் வேறிடத்தில் குறைந்த விலைக்குக் கிடைத்ததும் மனம் மாறியோர்.

நான்காம் வகையினர் சூழ்ச்சியாளர். இவர்கள் இருவராக வருவர். ஒருவர் குறைந்த விலை கேட்பார். உடனே அவருடைய கூட்டாளி எவரும் தொட முடியாத உயர்ந்த விலை கேட்பார். அதைக் கண்டு மற்றவர்கள் விலகிவிடுவர். இறுதி நொடியில் கூட்டாளி தம் கேள்வியைத் திரும்பப் பெறுவார், அல்லது வென்றபின் பணம் கட்டாது ஒதுங்குவார். பொருள் குறைந்த விலை கேட்டவரிடமே போய்ச் சேரும்.

ஐந்தாம் வகையினர் பணம் செலுத்தியதாகப் பொய்ப் படம் காட்டிப் பொருளைப் பறிக்க முயல்வோர். இவர்கள் "பணம் அனுப்புகிறோம், இந்தக் கட்டப் படத்தை ஸ்கேன் செய்து உங்கள் இரகசிய எண்ணைப் பதியுங்கள்" என்றும் கூறுவர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அது நாம் பணம் அனுப்புவதற்கு உரியது. இதனை வீட்டிலுள்ள முதியோரும் சிறுவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதல் மூன்று வகையினர்க்கு நினைவூட்டலும் அவகாசமும் பொருந்தும். நான்காம், ஐந்தாம் வகையினரைத் தடுப்பது முன்னெச்சரிக்கை ஒன்றே.

3. பெரும் ஏலங்கள் கற்பிக்கும் பாடம்

இணையவழி ஏலத்தைப் பொதுமக்களிடையே பரப்பிய ஈபே நிறுவனத்தின் தளம் 1995ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவரால் தொடங்கப்பெற்றது. முகமறியாதோர் ஒருவரையொருவர் நம்பும் பொருட்டு, வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப்பற்றி மற்றவர் கருத்து எழுதும் முறையை 1996இல் அது கொண்டுவந்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு தோன்றிய பாஸி என்னும் ஏலத் தளத்தை ஈபே 2004இல் வாங்கியது. வாங்குபவர் செலுத்தும் தொகையை இடையில் நிறுத்திவைத்துப் பின்னர் விற்பவருக்கு அளிக்கும் 'பைசாபே' என்னும் ஏற்பாடும் அங்கு இருந்தது. 2017இல் அவ்விந்தியத் தளம் பிளிப்கார்ட்டின் கைக்கு மாறி, 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இன்று நாணயம், அஞ்சல்தலை போன்றவற்றைச் சேகரிப்போர் பலர் வாட்ஸ்அப் குழுக்களிலேயே ஏலம் விடுகின்றனர். அங்கே இடையில் நிற்பவர் எவரும் இல்லை. விற்பவரே விதி வகுப்பவராகவும் காவலராகவும் இருத்தல் வேண்டும்.

விதி சரியாக அமையாவிடில் அரசே ஏமாந்துபோகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 1996இல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அலைக்கற்றை உரிமங்களை ஏலம் விட்டது. சிறு நிறுவனங்கள் பங்குபெற வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால், பத்தில் ஒரு பங்கை முன்பணமாகச் செலுத்தி, எஞ்சியதைப் பத்தாண்டுத் தவணையில் கட்டலாம் என நிபந்தனை அமைந்தது. நெக்ஸ்ட்வேவ் என்னும் நிறுவனம் ஏறத்தாழ 470 கோடி டாலருக்கு 63 உரிமங்களைக் கேட்டுப் பெற்றது. 1998இல் அது திவால் பாதுகாப்பைக் கோரியது. ஆணையம் உரிமங்களை மீட்க முயன்றது; வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. 2003 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், உரிமங்களை இரத்துச் செய்தது செல்லாதென்று நிறுவனத்திற்கு ஆதரவாகவே தீர்ப்பளித்தது. பணமும் முழுதாக வரவில்லை. அலைக்கற்றையும் ஆண்டுக்கணக்கில் பயன்படாமற் கிடந்தது.

இதற்கு மாறாக, 2010ஆம் ஆண்டு நம் நாட்டில் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை இணையவழியே ஏலம் விடப்பட்டது. மே 19ஆம் நாள் ஏலம் முடிந்தது. தவணை இல்லை, முழுத் தொகையையும் அம்மாத இறுதிக்குள் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஏறத்தாழ 67,719 கோடி ரூபாய் அவ்வாறே அரசின் கணக்கில் சேர்ந்தது.

இவ்விரு ஏலங்களிலும் கேட்டோர் நிறுவனங்களே. வேறுபாடு விதியில் இருந்தது. பொருளை முன்னே கொடுத்துப் பணத்தைப் பின்னே எதிர்பார்த்த ஏலம் வழக்கில் முடிந்தது. பணத்தை முன்னே பெற்ற ஏலத்தில், ஏலம் முடிந்த பன்னிரண்டு நாளில் கணக்குத் தீர்ந்தது.

4. தமிழகத்தில் ஒரு வழக்கு

வங்கிகள் தமக்குக் கடன்பட்டோரின் சொத்துக்களை இன்று பெரும்பாலும் மின்-ஏலத்திலேயே விற்கின்றன. அவ்வகை ஏலத்திற்கு 2002ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. அவற்றின் 9ஆவது விதிப்படி, ஏலம் எடுத்தவர் அன்றோ அடுத்த வேலை நாளிலோ விலையில் 25 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். முன்னரே செலுத்திய டேவணித் தொகையும் இதில் அடங்கும். விற்பனை உறுதி செய்யப்பட்ட பதினைந்தாம் நாளுக்குள் எஞ்சியதைக் கட்ட வேண்டும். எழுத்து மூலம் உடன்பட்டால் மூன்று மாதத்திற்கு மேற்படாமல் அவகாசம் தரலாம். தவறினால் கட்டிய தொகை பறிபோகும். சொத்து மறு ஏலத்திற்கு வரும்.

2016 டிசம்பரில் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா தமிழகத்தில் நடத்திய மின்-ஏலம் ஒன்றில் 12 கோடியே 27 லட்சம் ரூபாய்க்கு ஒருவர் ஒரு சொத்தை எடுத்தார். 25 விழுக்காடாகிய 3 கோடியே 6 லட்சத்து 75 ஆயிரம் ரூபாயையும் கட்டினார். அதற்கு முந்தைய மாதம்தான் உயர் மதிப்பு நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டிருந்தன. எஞ்சிய தொகைக்கு அவர் நம்பியிருந்த கடன் கிடைக்கவில்லை. வங்கி 2017 மார்ச்சு வரை அவகாசம் தந்தது; அப்போதும் அவரால் கட்ட இயலவில்லை. வங்கி முன்பணத்தைப் பறிமுதல் செய்தது. பின்னர் அதே சொத்து 14 கோடியே 76 லட்சம் ரூபாய்க்கு விற்பனையாயிற்று.

"வங்கிக்கு இழப்பே இல்லையே, முன்பணம் முழுவதையும் வைத்துக்கொள்ளலாமா?" என்பதே வழக்கு. முதலில் விசாரித்த தீர்ப்பாயங்கள் சிறு பகுதியை மட்டும் கழித்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித்தரப் பணித்தன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2024 பிப்ரவரி 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம், விதி தெளிவாகக் கூறியுள்ளபடி முழுத் தொகையையும் பறிமுதல் செய்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்றால், வாங்கும் எண்ணமே இல்லாதோரும் கடன்பட்டவரால் ஏவப்பட்டோரும் ஏலத்தில் புகுந்து அதனைப் பயனற்றதாக்கிவிடுவர் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இதிலிருந்து விற்போரும் வாங்குவோரும் தனித்தனியே பாடம் பெறலாம். விற்பவருக்கு: எழுதிவைத்த விதியே இறுதியில் காத்தது. வாங்குபவருக்கு: கைக்கு வராத கடனை நம்பி ஏலம் கேட்டல் ஆகாது. வங்கி ஏலத்தில் மனை வாங்க விரும்பும் நம் இல்லத்தினர், முழுப் பணத்திற்கும் வழி செய்துகொண்ட பின்னரே விலை கேட்டல் வேண்டும்.

5. விற்பனைக்கூடத்தில் காணும் ஒழுங்கு

வழிகாட்டுதலுக்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி, அரகண்டநல்லூர் முதலிய ஊர்களின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களை நம் வேளாண் குடும்பத்தினர் நன்கறிவர். தமிழகத்தில் இத்தகைய முதல் கூடம் 1936இல் திருப்பூரில் பருத்திக்காக ஏற்பட்டது. உரிமம் பெற்ற வணிகர் மட்டுமே அங்கு விலை கேட்கலாம். அதாவது, கேட்பவர் யார் என்பது முன்னரே பதிவாகியிருக்கும்.

2016 ஏப்ரல் 14இல் நடுவணரசு தொடங்கிய 'இ-நாம்' என்னும் தேசிய வேளாண் மின்னணுச் சந்தையில் இவ்வொழுங்கு இன்னும் தெளிவாக அமைந்துள்ளது. விளைபொருள் வாயிலில் பதிவாகின்றது. குவியலுக்கு எண் தரப்படுகின்றது. தரம் ஆய்வு செய்யப்படுகின்றது. வணிகர் கணினி வழியே விலை கேட்கின்றனர். உயர்ந்த விலையை ஏற்பதா மறுப்பதா என்பது உழவரின் உரிமை. பின்னர் எடை, பட்டியல், பணம் செலுத்துதல் என வரிசையாக நிகழ்ந்து, இறுதியில்தான் சரக்கு வாயிலைக் கடக்கின்றது.

இவ்வரிசையை உற்று நோக்குக. கேட்பவரை அறிதல், தரத்தை அறிவித்தல், பணம் பெறுதல், அதன்பின் பொருளை விடுதல். வீட்டிலிருந்து ஒரு குத்துவிளக்கை ஏலம் விடுபவரும் இவ்வரிசையை மாற்றாதிருந்தால் பெரும்பாலான துன்பங்கள் அணுகா.

6. ஏலத்திற்கு முன் எழுத வேண்டிய நிபந்தனைகள்

ஏல அறிவிப்பிலேயே கீழ்க்கண்டவற்றைத் தெளிவாக எழுதுதல் வேண்டும்.

அ) பொருளின் உண்மை நிலை. ஓட்டை, விரிசல், ஒட்டுப்போட்ட இடம் யாவும் படத்துடன் காட்டப்பட வேண்டும். குறையை மறைத்த விற்பனையில் பணம் தர மறுப்பவர் பக்கம் நியாயம் போய்விடும்.

ஆ) தொடக்க விலை, ஒவ்வொரு முறையும் உயர்த்த வேண்டிய குறைந்த அளவு, முடியும் நாள், நேரம்.

இ) கேட்பவர் தம் பெயர், ஊர், கைப்பேசி எண் ஆகியவற்றை முன்னரே பதிய வேண்டும் என்பது. விலையுயர்ந்த பொருளாயின் சிறு டேவணித் தொகை பெறுதல் நலம். ஏலம் கிடைக்காதவர்க்கு அத்தொகை எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் உடன் எழுத வேண்டும்.

ஈ) பணம் கட்ட வேண்டிய கெடு. ஈபே தளத்தில், விற்பனை முடிந்து நான்கு நாளில் பணம் வராவிடில் விற்பவர் அதனை நீக்கிவிடலாம். சிறு பொருள்களுக்கு நாமும் இக்கால அளவைப் பின்பற்றலாம்.

உ) கெடு தவறினால் நிகழ்வது: பொருள் அடுத்தவருக்கு அளிக்கப்படுமா, மறு ஏலம் விடப்படுமா, டேவணியில் எவ்வளவு கழிக்கப்படும் என்பன.

ஊ) பணம் நம் வங்கிக் கணக்கில் வரவான பின்னரே பொருள் அனுப்பப்படும் என்பது. வாங்குபவர் காட்டும் படம் வரவாகாது. நம் கணக்கை நாமே பார்த்தறிதல் வேண்டும்.

எ) அனுப்பும் செலவு யாருடையது என்பது. ஏலத்தொகையில் உடன்பட்டவர்கள் பார்சல் செலவில் பிணங்கி விலகுவதுண்டு.

7. கெடு தவறியபின் செய்ய வேண்டியவை

முதல் நாளே சினந்து எழுதுதல் வேண்டா. மருத்துவமனையில் இருப்பவராகவும் இருக்கலாம். வங்கிக் கோளாறாகவும் இருக்கலாம். "தாங்கள் இன்ன பொருளை இன்ன தொகைக்கு எடுத்தீர்கள், கெடு இன்ன நாள், தடை ஏதேனும் உண்டெனில் தெரிவிக்கவும்" என்று பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்புக. மறுமொழி இல்லையெனில் இரண்டாவதாக ஓர் அறிவிப்பு அனுப்புக. அதில், "இன்ன நாளுக்குள் பணம் வராவிடில் பொருளை வேறொருவர்க்கு விற்றுவிடுவேன்" என்பது தெளிவாக இருத்தல் வேண்டும்.

இரண்டாம் அறிவிப்பு வெறும் மரியாதைக்குரியதன்று. 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54ஆவது பிரிவின்படி, அவ்வாறு அறிவித்து, தக்க காலம் காத்திருந்து மறுவிற்பனை செய்தவர், விலை குறைந்தால் அவ்விழப்பை முதலில் எடுத்தவரிடம் கோரலாம். அறிவிக்காமல் விற்றால் இழப்பைக் கோர முடியாது. மேலும், மறுவிற்பனையில் கூடுதல் விலை கிடைத்தால் அவ்வாதாயம் முதலில் எடுத்தவருக்கே சேரும். விரைவில் அழுகும் பொருளுக்கு மட்டும் இவ்வறிவிப்பு வேண்டுவதில்லை. ஒரே ஒரு செய்தி எத்துணைப் பயன் தருகின்றது என்பதைக் காண்க.

பணம் தராதவரின் பெயரையும் படத்தையும் குழுக்களில் பரப்பி இழிவுபடுத்துவது இன்று பெருகிவரும் தீய வழக்கம். 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு அவதூற்றைக் குற்றமாகக் கொள்கின்றது. ஐந்நூறு ரூபாய் இழப்பிற்காக வழக்கை விலைக்கு வாங்குதல் அறிவுடைமையாகாது. குழுவை நடத்துபவரிடம் மட்டும் சான்றுடன் தெரிவித்து, அவரை அடுத்த ஏலத்தில் சேர்க்காதிருக்கச் செய்தலே போதுமானது.

8. இரண்டாமவர்க்கு என்ன விலை?

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். ஒரு பித்தளை அண்டா ஏலத்திற்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் 200 ரூபாய் உயர்த்த வேண்டும். மூன்றாமவர் 8,000 ரூபாயில் நின்றுவிட்டார். முதலாமவரும் இரண்டாமவரும் போட்டியிட்டு ஏற்றினர். இரண்டாமவர் 9,200 வரை வந்தார். முதலாமவர் 9,400க்கு எடுத்தார். பின்னர்ப் பணம் தரவில்லை.

இப்போது இரண்டாமவரிடம் "நீங்கள் கேட்ட 9,200 ரூபாய்க்கே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பது பொது வழக்கம். கேட்பதில் தவறில்லை. ஆயினும் அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. அவரைவிடக் கூடுதலாக ஒருவர் கேட்டபோதே அவருடைய கேள்வி அற்றுப்போயிற்று.

இன்னும் நுண்ணிய நியாயம் ஒன்று உண்டு. பணம் தரும் எண்ணமில்லாத முதலாமவர் ஏலத்திலேயே இல்லாதிருந்தால், இரண்டாமவர் எவ்வளவில் வென்றிருப்பார்? மூன்றாமவர் 8,000இல் நின்றமையால், 8,200 ரூபாயில் அண்டா அவர் கைக்கு வந்திருக்கும். எஞ்சிய 1,000 ரூபாய் பொய்யான போட்டியால் ஏறியது. முதலாமவர் நம்மால் ஏவப்பட்டவர் அல்லர் என்பது உண்மையே. எனினும் அவரது பொய்யால் வந்த ஏற்றத்தை ஓர் அப்பாவியின் தலையில் சுமத்துவது நேர்மையாகுமா? முழு நிலையையும் அவரிடம் சொல்லி, 8,200க்கும் 9,200க்கும் இடையே இருவரும் மனமொத்த விலையை முடிவு செய்தலோ, மறு ஏலம் விடுதலோ நல்வழி.

விற்பவரே ஆள் வைத்து விலையேற்றியிருந்தால் அது வேறு. முன்னர்க் கூறிய 64ஆவது பிரிவு அதனை வஞ்சனையாகவே கருதுகின்றது. எடுத்தவர் அவ்விற்பனையைத் தள்ளிவிடலாம்.

9. கையிலுள்ள முன்பணம்

டேவணியாகப் பெற்ற தொகை ஆயிரம் ரூபாய் என்க. எடுத்தவர் தவறினார். மறு ஏலத்தில் 200 ரூபாய் குறைந்தது. கட்டுமானச் செலவு 50 ரூபாய் வீணாயிற்று. மீதி 750 ரூபாய் யாருக்கு?

வங்கி ஏலத்தில் தனி விதி இருந்தமையால் முழுத் தொகையும் பறிபோயிற்று. நம் வீட்டு ஏலத்திற்கு அத்தனி விதி பொருந்தாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கின்றது. வாக்குறுதிக்குப் பிணையாகப் பெற்ற டேவணியையும், விலையின் ஒரு பகுதியாகப் பெற்ற முன்பணத்தையும் நீதிமன்றங்கள் வேறுவேறாகவே நோக்குகின்றன. ஆதலின் பெறும்போதே அது எவ்வகையினது என்று எழுதிவிடல் வேண்டும்.

சட்டம் இடம் தந்தாலும் அறம் இடம் தருகின்றதா என்பதை இல்லறத்தார் எண்ணுதல் முறை. உமாஸ்வாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், வாய்மை என்னும் அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களுள் நியாசாபகாரத்தை ஒன்றாகக் கூறுகின்றது. பிறர் நம்மிடம் வைத்த பொருளை முழுமையாகத் திருப்பித் தராது கொள்வதே அது. முன்னரே அறிவித்த கழிவை எடுத்துக்கொள்வது வேறு. மற்றவர் தவறியதைச் சாக்காக்கி அறிவிக்காத தொகையையும் அமுக்கிக்கொள்வது வேறு. உற்ற இழப்பைக் கணக்கெழுதிக் காட்டி, மீதியைத் திருப்பியனுப்பினால் நம் பெயரும் நிற்கும்; மனமும் அமைதியுறும். அதே அத்தியாயம் நெறி பிறழ்ந்தோரிடத்துக் கொள்ளுமாறு கூறும் மத்தியஸ்த பாவனை, விருப்பு வெறுப்பின்றி நடுநிற்றல் ஆகும். பணம் தராதவரிடம் நாம் கொள்ள வேண்டிய மனநிலைக்கு இதனினும் பொருத்தமான சொல் வேறில்லை.

10. பொருள் கைவிட்டுப் போய்விட்டால்

நம்பிக்கையால் பொருளை அனுப்பிவிட்டுப் பணம் வராது தவிப்போரும் உளர். அவர்க்குரிய வழிகள் இவை.

உரையாடல், ஏல அறிவிப்பு, அனுப்பிய இரசீது ஆகிய அனைத்தையும் அழியாமற் காத்துவைக்க வேண்டும். பின்னர் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பி, உரிமையியல் நீதிமன்றத்தில் விலையைக் கோரலாம். பொதுவாகப் பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். வழக்கிற்கு முன்னரே சட்டப் பணிகள் குழுவை அணுகி மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு காண்பது செலவு குறைந்த வழி. காசோலை தந்து அது பணமின்றித் திரும்பினால், செய்தி கிடைத்த முப்பது நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பெற்றவர் பதினைந்து நாளுக்குள் செலுத்தாவிடில் அடுத்த ஒரு மாதத்திற்குள் குற்றவியல் முறையீடு செய்யலாம். நுகர்வோர் ஆணையம் வாங்குவோரின் குறை தீர்க்க அமைந்தது. விற்பவர் விலை கோரி அங்குச் செல்ல இயலாது.

பணம் தரத் தவறியதனாலேயே ஒருவர் மோசடிக் குற்றவாளி ஆகிவிடார். தொடக்கம் முதலே ஏமாற்றும் எண்ணம் இருந்தமை தெளிவாக வேண்டும். ஆனால் பொய்ப் படம் காட்டியோ, இரகசிய எண்ணைப் பதியச் செய்தோ ஒருவர் பணத்தைப் பறித்தால், சிறிதும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்கிற்கு மாறுமுன் அதனைத் தடுக்க விரைவே துணை.

முடிவுரை

மணலூர்பேட்டைக்கு அண்மையிலுள்ள ஜம்பை மலையில், அதியமான் நெடுமான் அஞ்சி தவமுடையோர்க்குப் பாழி அளித்த செய்தியைக் கூறும் தமிழிக் கல்வெட்டு உள்ளது. 1981இல் கண்டறியப்பட்ட அச்சிறு வரி, கொடுத்தவர் யார், கொடுத்தது யாது என்பதை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் ஐயமின்றி உரைக்கின்றது. தெளிவாக எழுதிவைத்தலின் பயன் அத்தகையது. ஏலம் விடுமுன் நாம் எழுதும் பத்து வரியும், கேட்டவரும் விற்றவரும் பிற்காலத்தில் பிணங்காதிருக்கத் துணை நிற்கும்.

எழுதிய பின்னரே ஏலம் விடுக. பணம் கண்ட பின்னரே பொருளை விடுக. கேட்பவராக நிற்கும்போது, கையிலுள்ள அளவிற்கே கேட்டு, கேட்டபடி கொடுக்க.

இல்லத்தில் கூடிச் சிந்திக்க:

1. பொருள் வாயிலைக் கடப்பதற்கு முன் இ-நாம் சந்தையில் நிகழ்பவை எவை?
2. மறுவிற்பனைக்கு முன் அறிவிப்பு அனுப்பாதவர் இழக்கும் உரிமை யாது?
3. அண்டா ஏலத்தில் இரண்டாமவரிடம் நீங்கள் எவ்விலை கேட்பீர்கள்? காரணம் கூறுக.
4. டேவணி ஆயிரம் ரூபாயில் எவ்வளவு திருப்பித்தருதல் நேர்மையாகும்? அதற்கு ஏல அறிவிப்பில் என்ன எழுதியிருத்தல் வேண்டும்?